கூடிப் பேசிக் கற்றல்

ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். உடனே முன்வரிசையில் நாலைந்து கைகள் உயர்கின்றன. அவற்றுள் ஒன்றை அவர் சுட்டுகிறார். அந்தக் குழந்தை எழுந்து சரியான விடையைச் சொல்கிறது. ஆசிரியர் ‘நன்று’ என்று கூறிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். பாடம் செவ்வனே நடந்துவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது. வாயிற்படியில் நின்று பார்க்கும் தலைமையாசிரியருக்கும் அவ்வாறே தோன்றுகிறது. ஆனால் அந்த அறையில் முப்பத்தைந்து குழந்தைகள் இருந்தார்கள். எஞ்சிய முப்பது பேரும் அவ்வேளையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இந்தக் கேள்வியையே இன்று நாம் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

பேசாத குழந்தைக்கு விடை தெரியாது என்று முடிவு கட்டிவிடுவது எளிது. உண்மை பெரும்பாலும் அவ்வாறு இருப்பதில்லை. சில குழந்தைகளுக்கு விடை தெரியும். தவறாகிவிட்டால் மற்றவர்கள் சிரிப்பார்களே என்ற அச்சம் நாவைக் கட்டிவிடுகிறது. சிலருக்குக் கருத்துத் தெரியும். அதைப் பள்ளியின் மொழியில் சொல்வதற்குரிய சொல் கிடைப்பதில்லை. வேறு சிலருக்கு விடை வந்துகொண்டே இருக்கும். அது வாய்வரை வந்து சேர்வதற்குள் முன்வரிசைக் குழந்தை சொல்லி முடித்துவிடும். அச்சம், மொழி, நேரமின்மை என்னும் இம்மூன்றும் சேர்ந்து ஒரு வகுப்பின் பெரும்பகுதியைப் பார்வையாளர்களாக்கிவிடுகின்றன. நாள்தோறும் பார்வையாளனாகவே அமர்ந்திருக்கும் குழந்தை, பாடம் என்பது தனக்காக நடப்பதன்று என்று எண்ணத் தொடங்கிவிடும். அந்த எண்ணம் ஏழு வயதில் வேரூன்றினால் பிறகு அதை அகற்றுவது அரிது.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. அதற்குப் பணச் செலவில்லை. புதிய கருவியும் வேண்டியதில்லை. விடையை ஆசிரியரிடம் சொல்லுமுன் குழந்தைகள் தமக்குள் பேசிக்கொள்ள இடங்கொடுப்பதுதான் அது. ஒத்த வயதுடையோர் இருவராகவோ நால்வராகவோ கூடி, ஒரு கேள்வியைத் தம்முள் விவாதித்து, பின்னர் வகுப்பின்முன் கூறும் முறையை இன்றைய கல்வியாளர் பெரிதும் போற்றுகின்றனர். மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று இதைச் சிலர் நினைப்பதுண்டு. நம் நாட்டு வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் அந்த நினைப்பு நீங்கிவிடும்.

தமிழில் நன்னூல் என்னும் இலக்கணத்தை அறியாதவர் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் அதை இயற்றினார். இயற்றும்படி வேண்டியவன் சீயகங்கன் என்னும் கங்கர் குலத் தலைவன். கங்கரின் பழைய தலைநகரம் பெங்களூருக்குக் கிழக்கே உள்ள இன்றைய கோலார் என்பதை இங்கே நினைவு கூர்வது பொருத்தமாகும். அந்நூலின் பாயிரத்தில் மாணவன் புலமை பெறும் வகையைக் கூறுமிடத்தில் ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் உரைத்ததை முற்றும் மனத்தில் கொண்டாலும் ஒருவனுக்குக் கிடைப்பது காற்பங்குப் புலமைதான். உடன் பயில்வோருடன் பழகிப் பேசுவதால் இன்னொரு காற்பங்கு கிடைக்கும். தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது அதன் கருத்து. வினவுதலும், பிறர் வினவியதற்கு விடை கூறுதலும் மாணவனின் கடமைகளாகவே அங்கே எண்ணப்படுகின்றன. ஆசிரியரின் பங்கைக் காலாகவும், தோழருடன் பேசுவதும் எடுத்துச் சொல்வதுமான பங்கை முக்காலாகவும் பகுத்தவர் ஓர் ஆசிரியரே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நம் வகுப்பறைகளிலோ அந்தக் கணக்கு தலைகீழாக நடந்துவருகிறது.

மற்றொரு சான்று இந்தக் கர்நாடகத்திலேயே கிடைக்கிறது. பியேத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி 1623ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மேற்குக் கடற்கரையிலிருந்து மலையேறி, கெளதி நாயக்கர்களின் இக்கேரி நகருக்குச் சென்றுகொண்டிருந்தார். வழியில் ஒரு கோயிலின் முன்மண்டபத்தில் நான்கு சிறுவர்கள் கணக்குப் பயில்வதைக் கண்டு நின்றார். தரையில் மெல்லிய மணல் பரப்பியிருந்தது. ஒரு சிறுவன் பாடத்தை இசையோடு சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினான். மற்றவர்களும் அதையே பாடி எழுதினார்கள். மணல் நிரம்பியதும் அழித்துவிட்டுப் புதிய மணல் தூவிக்கொண்டார்கள். பக்கத்தில் ஆசிரியர் யாரும் இல்லை. மறந்துவிட்டால் திருத்துபவர் யார் என்று பயணி கேட்டார். நால்வரும் ஒரே இடத்தை ஒரே வேளையில் மறப்பது இயலாத காரியம், ஒருவர் தவறினால் மற்றவர் திருத்துவார், அதற்காகவே சேர்ந்து படிக்கிறோம் என்ற பொருள்பட அவர்கள் விடை கூறினார்களாம். நானூறு ஆண்டுகளுக்கு முன் சிறுவர்கள் கூறிய அவ்விடையைவிடத் தெளிவாக இம்முறையின் அடிப்படையை யாரும் சொல்லிவிட முடியாது.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகக் கணக்கு வந்தது. அப்போது மாகாணத்தைச் சேர்ந்திருந்த, இன்று கர்நாடகத்தில் உள்ள பல்லாரி ஜில்லாவின் கலெக்டர் கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், முன்னேறிய மாணவர்கள் பின்தங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும், அவ்வாறு சொல்லிக்கொடுப்பதால் அவர்களுடைய அறிவும் உறுதிப்படுவதையும் பாராட்டி எழுதினார். இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகுதியானதே என்றும் அவர் குறிப்பிட்டார்.

இங்கிலாந்து பின்பற்றியது எவ்வாறு? சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் விடுதியின் கண்காணிப்பை 1789இல் ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், தம் விடுதியிலும் அதை நடத்த விரும்பினார். கீழ்வகுப்பு ஆசிரியர் அது ஆகாத காரியம் என்றார். பெல் அந்த வேலையை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார், சிறுவன் செய்துகாட்டினான். 1797இல் பெல் இதை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவிற்று. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவருடைய கொடையால் 1833இல் திறந்த பள்ளி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே வழங்குகிறது.

இந்தப் பழம்பெருமையைக் கேட்டு நாம் மகிழலாம். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். வாத்தியார் இல்லாதபோது அவனே வாத்தியார். மற்றவர்கள் ஒப்பிப்பதைக் கேட்பான். தவறினால் தண்டனைக்குச் சொல்லிவிடுவான். இங்கிலாந்தில் மதராஸ் முறையும் நாளடைவில் இவ்வாறே ஆயிற்று. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தும் சிக்கன ஏற்பாடாக அது மாறியது. கட்டளை மேலிருந்து இறங்கியது, ஒப்பித்தல் கீழிருந்து ஏறியது. அதில் துணை இருந்தது, உரையாடல் இல்லை. ‘ஏன்?’ என்று கேட்கும் உரிமை கீழே இருந்த குழந்தைக்கு இல்லை. அன்றியும், மன்றோவின் கணக்கில் வந்த 1,88,650 மாணவர்களுள் பெண் குழந்தைகள் 4,540 பேர்தாம். அந்தத் திண்ணையில் ஏற இடமில்லாதவர்கள் பலர் இருந்தார்கள். ஆகவே நாம் பழைய சட்டாம்பிள்ளையைத் திரும்ப அழைக்க வேண்டுவதில்லை. கோயில் மண்டபத்து நால்வரையே அழைக்க வேண்டும். அவர்களுள் ஒருவன் தலைவனாக இருந்து மற்றவரை ஏவவில்லை. ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினார்கள். திருத்தப்பட்டவன் வெட்கப்படவும் இல்லை.

இக்காலத்து ஆராய்ச்சிகளும் இதே திசையைக் காட்டுகின்றன. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970ஆம் ஆண்டுகளில் ஆரம்பப் பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு வினாடிதான் என்று கண்டார். அதை மூன்று வினாடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது, விடைகள் நீண்டன. விடையின்றி மௌனமாக நிற்பது குறைந்தது. மந்தமானவர்கள் என்று ஆசிரியர் எண்ணியிருந்த குழந்தைகளும் பேச முன்வந்தார்கள். மூன்று வினாடி மௌனமே இவ்வளவு செய்யுமானால் இரண்டு நிமிஷப் பேச்சு எவ்வளவு செய்யும்? 1981இல் பிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதை ஒரு சிறிய ஒழுங்குமுறையாக வகுத்தார். முதலில் தனியே சிந்தித்தல், அடுத்துப் பக்கத்தில் உள்ளவருடன் பேசுதல், பிறகு வகுப்போடு பகிர்தல் என்பன அதன் மூன்று படிகள்.

இது வகுப்பில் எப்படி நடைபெறும் என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். நான்காம் வகுப்பில் பின்னங்கள் நடக்கின்றன. நாலில் ஒன்று பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா என்று ஆசிரியர் கேட்கிறார். உடனே யாரையும் அழைக்காமல், ‘முதலில் உங்கள் விடையைச் சிலேட்டில் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம்’ என்கிறார். ஒரு நிமிஷம் கழிகிறது. பிறகு, ‘பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டி, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்’ என்கிறார். நாலில் ஒன்றே பெரிது என்று எழுதிய குழந்தைகள் பலர் இருப்பார்கள். மூன்றைவிட நான்கு பெரிதல்லவா? பக்கத்துக் குழந்தை அதை ஒப்புக்கொள்வதில்லை. ‘ஒரு கடலை மிட்டாயை மூன்று பேர் பிரித்துக்கொண்டால் உனக்கு எவ்வளவு வரும்? நாலாவதாக இன்னொருவன் பங்குக்கு வந்தால் உன் பங்கு கூடுமா, குறையுமா?’ என்று அது கேட்கிறது. பங்குக்கு ஆள் கூடினால் துண்டு சிறுத்துப்போகும் என்பது எந்தக் குழந்தைக்கும் வீட்டில் கண்ட அனுபவம். கரும்பலகையில் ஆசிரியர் பத்துத் தடவை எழுதிக்காட்டினும் நுழையாத கருத்து, தன்னைப் போன்ற ஒரு குழந்தையின் வாயிலிருந்து தன் பேச்சிலேயே வரும்போது எளிதில் நுழைந்துவிடுகிறது.

இங்கே இரண்டு குழந்தைகளும் பயன் பெறுகின்றன. தவறாக எழுதிய குழந்தைக்குத் தவறு விளங்கிற்று. அதுவும் முப்பத்தைந்து பேர் முன்னிலையிலன்று, ஒரே ஒருவர் முன்னிலையில். சரியாக எழுதிய குழந்தையோ தன் விடைக்குக் காரணம் தேடவேண்டியதாயிற்று. காரணம் சொல்ல முயன்றபோதுதான் அதற்கும் விஷயம் முழுமையாகத் தெளிவாயிற்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் இதை உறுதியாகச் சொல்லக்கூடும். ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போது புரிந்துவிட்டது என்றே தோன்றும். அதை இன்னொருவருக்காக இன்னொரு மொழியில் சொல்லப் புகும்போதுதான் எங்கே புரியவில்லை என்பது வெளிப்படும். குழந்தையின் நிலையும் அதுவே. பிறருக்குச் சொல்வது தன் அறிவைச் சோதித்துக்கொள்ளும் உரைகல்லாகும்.

மொழியைப் பற்றிப் பேச்சு வந்ததால் நம் ஊரின் தனித்த நிலைமையையும் எண்ணிப் பார்ப்போம். பெங்களூரில் நீலசந்திரா போன்ற பகுதிகளில் ஒரே தெருவில் தமிழும் உருதுவும் கன்னடமும் தெலுங்கும் ஒலிக்கின்றன. கடைவீதியில் ஒரு சிறுவன் மூன்று மொழிகளில் பேரம் பேசுவான். அதே சிறுவன் வகுப்பில் வாய்மூடி அமர்ந்திருப்பான். வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ ஆக இருக்கும்போது, அவனுக்குக் கேள்வியைப் புரிந்துகொள்வது ஒரு வேலை, விடையை எண்ணுவது மற்றொரு வேலை, எண்ணியதைப் பள்ளி மொழியில் ஆக்குவது மூன்றாவது வேலை. கைதூக்கும் போட்டியில் அவன் பிந்துவது இயல்பேயன்றி அறிவின் குறைவன்று.

பக்கத்துக் குழந்தையுடன் பேசவிட்டால் இச்சுமை இலேசாகிறது. இருவரும் தமிழில் பேசிக் கருத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பின்னர் இருவரும் சேர்ந்தே பள்ளி மொழியில் சொல்லிப் பார்க்கலாம். வகுப்பில் வீட்டுமொழி ஒலித்தால் பள்ளி மொழி வளராது என்று சிலர் அஞ்சுகின்றனர். அது வேண்டாத அச்சம். வீட்டுமொழி பள்ளிமொழிக்கு ஏறும் படி. மூன்றாம், நான்காம் வகுப்பில் கன்னடம் கற்கும் தமிழ்க் குழந்தைகளிடம் ஒரு சிறு பட்டியலைக் கொடுத்துப் பாருங்கள். தமிழில் பத்து, பால், பல், புலி, பூ, பாட்டு. கன்னடத்தில் ஹத்து, ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹூவு, ஹாடு. ‘இவற்றில் என்ன காண்கிறீர்கள்? நால்வராகப் பேசிச் சொல்லுங்கள்’ என்றுமட்டும் கூறுங்கள். தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகிறது என்ற விதியை அவர்களே கண்டுபிடித்து விடுவார்கள். கண்டுபிடித்த களிப்பில் மேலும் சொற்களைத் தேடி, பாம்பு ஹாவு, பெண் ஹெண்ணு என்று அடுக்குவார்கள். ‘மாரத்தஹள்ளியில் உள்ள ஹள்ளியும் திருச்சிராப்பள்ளியில் உள்ள பள்ளியும் ஒன்றுதானா?’ என்று ஒருவன் கேட்பான். பிறகு யாரேனும் ஒரு குழந்தை, ‘பாட்டு ஹாடு ஆயிற்றே, பாடம் மட்டும் ஏன் கன்னடத்திலும் பாடமாகவே இருக்கிறது?’ என்று மடக்கும். பழங்கன்னடத்தில் இச்சொற்கள் பகரத்தோடேதான் வழங்கின என்றும், பிற்காலத்தில் அவை மாறின என்றும், பாடம் வடமொழியிலிருந்து வந்த சொல்லாகையால் அம்மாற்றத்தில் அகப்படவில்லை என்றும் ஆசிரியர் அப்போது கூறலாம். அவ்விளக்கத்தைக் குழந்தைகள் ஆவலுடன் கேட்பார்கள். ஏனெனில் கேள்வி அவர்களுடையது. உருது பேசும் வீட்டுக் குழந்தையும் இத்தகைய வகுப்பில் வெறுங்கையோடு இருப்பதில்லை. தமிழிலும் கன்னடத்திலும் கால் என்பதை எங்கள் வீட்டில் பாவ் என்கிறோம் என்று அது சொல்லும்போது, பின்ன பாடத்துக்கு இன்னொரு சொல் சேர்கிறது. அக்குழந்தைக்கும் வகுப்பில் ஓர் இடம் கிடைக்கிறது.

நம் நாட்டில் இத்தகைய முயற்சிகள் பெரிய அளவிலும் நடந்துள்ளன. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக வகுத்த அட்டை முறையைக் கண்டுவந்த ஆசிரியர்கள், 1995இல் மைசூர் ஜில்லா ஹெக்கடதேவனகோட்டை தாலுக்காவில், யுனிசெஃப் நிறுவனத்தின் ஆதரவோடு ‘நலி கலி’ என்ற முறையைத் தொடங்கினர். தமிழ்ச் செவிக்கு இப்பெயர் சற்று அச்சம் தரும். நலிதலும் கலியும் நமக்கு நல்ல சொற்களல்ல. ஆனால் கன்னடத்தில் நலி என்றால் களித்து ஆடு என்றும், கலி என்றால் கற்றுக்கொள் என்றும் பொருள். 2009ஆம் ஆண்டில் கன்னட வழி அரசாங்க ஆரம்பப் பள்ளிகளுக்கு அம்முறை விரிவாயிற்று. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சியின் பதின்மூன்று பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலம் முழுவதும் பரவியது. இரண்டு முறைகளிலும் குழந்தைகள் வட்டமாக அமர்ந்தார்கள். ஆசிரியர் துணையோடு கற்கும் குழு, தோழர் துணையோடு கற்கும் குழு என்று பிரிவுகள் இருந்தன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், குழந்தை அச்சமின்றித் தன் கருத்தை வெளியிட உதவும் கல்வியே வேண்டும் என்று விதிக்கிறது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, மாணவர் மாணவருக்குக் கற்பித்தலின் பயனை வெளிப்படையாகவே எடுத்துக் கூறுகிறது.

ஆயினும் வட்டமாக உட்கார்த்தி வைத்தால் உரையாடல் தானாக வந்துவிடாது. 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் மாரிஸ் கால்டனும் அவருடைய கூட்டாளிகளும் ஆரம்பப் பள்ளிகளை நெடுநாள் கவனித்து ஓர் உண்மையைக் கண்டனர். குழந்தைகள் குழுவாக அமர்ந்திருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் தனித்தனியாகவே வேலை செய்தார்கள். கூடி உட்காருவது வேறு, கூடிக் கற்பது வேறு. கூடிப் பேசினால்தான் தீரும் என்ற தன்மையுள்ள கேள்வியைக் கொடுத்தால்தான் பேச்சு பிறக்கும். கர்நாடகத்தின் தலைநகர் எது என்ற கேள்வியில் பேசுவதற்கு ஒன்றுமில்லை; தெரிந்தவன் சொல்லுவான், தெரியாதவன் கேட்டுக்கொள்வான். மழைத் தண்ணீர் நம் தெருவில் தேங்குகிறது, அடுத்த தெருவில் தேங்கவில்லை, ஏன் என்ற கேள்வியில் நால்வருக்கு நான்கு எண்ணங்கள் இருக்கும். ஆசிரியரின் திறமையெல்லாம் அத்தகைய கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

இனி, வழக்கமாக எழும் ஆட்சேபங்கள் சிலவற்றைக் கவனிப்போம்.

முதலாவது, இரைச்சல். முப்பத்தைந்து குழந்தைகள் ஒரே வேளையில் பேசினால் வகுப்பு சந்தையாகிவிடும் என்பர். சத்தம் இருக்கத்தான் செய்யும். அது வேலையின் சத்தம். ஆசிரியர் கையை உயர்த்தினால் அதைக் கண்டவர் தாமும் கை உயர்த்தி மௌனமாக வேண்டும் என்று ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டால் சில நாட்களில் வகுப்பு பழகிவிடும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நன்று.

இரண்டாவது, நேரம். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா என்பர். நாற்பது நிமிஷப் பாடத்தில் இரண்டு தடவை, தடவைக்கு மூன்று நிமிஷம் கொடுத்தால் போதும். அந்த ஆறு நிமிஷத்தில் ஒவ்வொரு குழந்தையும் பேசியிருக்கும். ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால் ஒரு முழுப் பாடவேளையிலும் அது முடியாது.

மூன்றாவது, தவறான கருத்துப் பரவிவிடாதா என்ற கவலை. இக்கவலை நியாயமானது. ஆகவேதான் உரையாடலின் முடிவில் ஆசிரியர் வந்து சேர வேண்டும். குழந்தைகள் பேசும்போது அவர் வரிசைகளினிடையே நடந்து, திருத்த முற்படாமல் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். எங்கே எத்தகைய தவறு நிகழ்கிறது என்பதை அவர் அறிவதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறில்லை. கடைசியில் சரியான கருத்தைத் தெளிவாக, ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிப் பாடத்தை முடிக்க வேண்டியதும் அவரே. கூடிப் பேசுவது ஆசிரியரின் வேலையைக் குறைப்பதன்று, அதைக் கூர்மையாக்குவது.

நான்காவது ஆட்சேபமே மிகவும் ஆழமானது. இருவரைச் சேர்த்துவிட்டால் வாயாடியே பேசுவான். வாயில்லாதது அங்கேயும் மௌனமாக இருக்கும் என்பர். இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. வகுப்பின்முன் எழுந்து பேசும்போது, தன் கருத்தைச் சொல்லாமல், தன் பக்கத்துத் தோழன் கூறியதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விதித்துவிடுங்கள். அப்போது வாயாடிக் குழந்தை கேட்டே ஆகவேண்டும். வாய் திறவாத குழந்தை ஏதேனும் சொல்லியே ஆகவேண்டும். தான் தாழ்ந்த குரலில் சொன்னதை இன்னொருவன் வகுப்பின்முன் மதிப்போடு எடுத்துரைப்பதைக் கேட்கும் குழந்தையின் முகத்தை ஆசிரியர் கவனித்துப் பார்க்க வேண்டும். சில வாரங்களில் அது தானே எழுந்து பேச முன்வரும்.

இத்துடன் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யார் யாருடன் சேர்வது என்பதைக் குழந்தைகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டால், தெருவில் உள்ள பிரிவுகள் அப்படியே வகுப்பிலும் வந்து அமர்ந்துவிடும். ஆண் ஆணோடும் பெண் பெண்ணோடும், இன்ன வீட்டார் இன்ன வீட்டாரோடும் என்று ஒதுங்குவார்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஆசிரியரே ஜோடிகளை மாற்றியமைக்க வேண்டும். விடை தவறினால் சிரிக்கலாகாது, சொன்ன கருத்தை மறுக்கலாம் ஆனால் சொன்னவரைப் பழிக்கலாகாது என்ற இரண்டு விதிகளைக் குழந்தைகளைக் கொண்டே எழுதவைத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். நான்கு தெருவிலிருந்து வந்த குழந்தைகள் ஒருவரையொருவர் கேட்டு, மறுத்து, ஒப்புக்கொள்ளப் பழகும் இடம் ஆரம்பப் பள்ளியைத் தவிர இக்காலத்தில் வேறெங்கே இருக்கிறது?

முறை பலன் தருகிறதா என்று அறியப் பரீட்சை வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியர் ஒரு தாளில் எல்லாக் குழந்தைகளின் பெயர்களையும் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளட்டும். வகுப்பின்முன் பேசிய குழந்தையின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைக்கட்டும். ஒரு வாரம் கழித்துத் தாளைப் பார்த்தால், புள்ளியே இல்லாத பெயர்கள் எத்தனை என்பது தெரியும். அப்பெயர்களைக் கண்டு பல ஆசிரியர்கள் வியப்படைவார்கள். நாள்தோறும் கண்முன் இருந்த குழந்தைகளே அவை. மாதந்தோறும் அவ்வெண்ணிக்கை குறைந்துவருமானால் முறை வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டுக்கு வந்து, ‘இன்று வகுப்பில் பேசிக்கொண்டே இருந்தோம்’ என்று சொன்னால், ஆசிரியர் பாடம் நடத்தவில்லை என்று முடிவு செய்யவேண்டாம். என்ன பேசினாய், நீ என்ன சொன்னாய், உன் தோழி அதை ஒப்புக்கொண்டாளா என்று கேளுங்கள். பள்ளியில் தொடங்கிய உரையாடல் அடுப்பங்கரையிலும் தொடரட்டும். எழுதப் படிக்க அறியாத தாயும் இக்கேள்விகளைக் கேட்க முடியும். அந்த வகையில், வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத குழந்தைக்கு இம்முறை பெருந்துணையாகும்.

நேயர்களே, இது பள்ளியோடு நின்றுவிடும் விஷயமன்று. ஏழு வயதில் வகுப்பில் வாய் திறக்கத் துணியாதவன், இருபத்தேழு வயதில் ரேஷன் கடையிலும், மருத்துவமனை வாயிலிலும், சர்க்கார் அலுவலகத்து ஜன்னல் முன்னும் அவ்வாறே நிற்கிறான். தனக்கு உரியதைக் கேட்க அவனுக்குக் குரல் எழுவதில்லை. கேட்டவன் பெற்றுச் செல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தன் கருத்தைச் சொல்லவும் பிறர் கருத்தைக் கேட்கவும் தெரிந்த குடிமக்கள் இல்லாமல் குடியாட்சி நடைபெறாது. அந்தப் பயிற்சிக்கு வேண்டியவை அதிகமில்லை. ஒரு நல்ல கேள்வி, பக்கத்தில் ஒரு தோழன், மூன்று நிமிஷ நேரம், அதுவரை தாம் பேசாமல் பொறுத்திருக்கும் ஓர் ஆசிரியர் ஆகிய இவை போதும். நாளைக் காலை முதல் மணி அடித்ததும் எந்தப் பள்ளியிலும் இதைத் தொடங்கலாம்.